அஸீஸ்: ஒரு பெயரும் இரண்டு அறிவிப்பாளர்களும்

குழந்தை பிறந்த வீடுகளில் கைமாறுகின்ற பெயர்ப் பட்டியல் நூல்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்புத் தெரிந்திருக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஒரு சொல்லில் பொருள். ‘அஸீஸ்: வல்லமை மிக்கவன்.’ அத்தோடு காரியம் முடிந்தது. சில நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அப்பெயரைத் தாங்கியிருந்த கலீபாக்கள், சுல்தான்கள், அறிஞர்கள் என ஒரு வரிசையையும் தருகின்றன. வாசிப்பவர் தன் பிள்ளையையும் மானசீகமாக அவ்வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு நூலை மூடிவிடுகிறார்.

எமது இலக்கியச் சூழலில் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு வடிவம் உண்டு. அதை நாம் நினைவுக் கட்டுரை என்கிறோம். மறைந்த ஒருவரின் பெயர், பதவிகள், நூல்கள், விருதுகள் எல்லாம் வரிசையாக வரும். அவர் எதற்கு எதிராக எழுதினார், எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார், அந்தப் பதில் இன்று எமக்குப் போதுமா என்பன மட்டும் வருவதில்லை. பெயரைப் பொருளிலிருந்தும் ஆளை அவரது கேள்வியிலிருந்தும் பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது பெருமிதம் மட்டுமே. அந்தப் பெருமிதத்தை விலக்கி வைத்துவிட்டு, ஒரேயொரு பெயரை இக்கட்டுரையில் வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

அஸீஸ் என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ‘இலங்கைச் சோனகர் யார்?’ என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் எழுத்தில் கிடைத்த இரண்டு முக்கியமான பதில்களும் இப்பெயரைத் தாங்கிய இருவரிடமிருந்தே வந்தன. ஒருவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் (1867–1915). மற்றவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911–1973). முன்னவர் தமிழர் என்ற அடையாளத்தை மறுத்தார். பின்னவர் தமிழ் என்ற மொழியை அணைத்துக்கொண்டார். இருவரையும் எதிரெதிர் முகாம்களின் கொடிகளாகப் பிடிப்பது எம்மிடையே வழமையாகிவிட்டது. அந்த வழமையின் மீதே எனது விமர்சனம்.

1

முதலில் சொல்லைப் பார்ப்போம். அறபு மொழியில் ஐன், ஸாய், ஸாய் என்ற மூன்று எழுத்துக்களாலான வேரிலிருந்து பிறந்தது அஸீஸ். எமது தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ‘மிகைத்தவன்’ என்ற சொல் இதற்கு நிலைபெற்றுவிட்டது. அது சரியான சொல்தான். ஆனால், வேரின் முழு வீச்சும் அதற்குள் அடங்குவதில்லை. அறபு அகராதிக்காரர்கள் இவ்வேருக்கு வலிமை என்ற பொருளோடு அரிதாதல், கடினமாதல், அன்புக்குரியதாதல் ஆகிய பொருள்களையும் தருகிறார்கள். குர்ஆனிலேயே சில இடங்களில் இச்சொல் ‘கடினமானது’ என்ற பொருளில் வருகிறது. ஸூரத்துத் தௌபாவின் இறுதிப் பகுதியில் இது றஸூலுல்லாஹ்வைப் பற்றி வரும்போது, பிறர் படும் துன்பம் அவர்களுக்குப் பாரமாக இருப்பதைச் சொல்கிறது. வல்லமையைக் குறிக்கும் சொல்லே இன்னொருவருடைய வேதனையின் கனத்தையும் குறிக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

றாகிப் அல்-இஸ்பஹானீ இவ்வேரை விளக்கும்போது ‘அஸாஸ்’ என்ற சொல்லைக் கொண்டுவருகிறார். கால் புதையாத, மண்வெட்டி இறங்காத கட்டாந்தரைக்கு அறபியர் இட்ட பெயர் அது. வெல்லப்படாமை என்ற பொருள் அந்தத் தரையிலிருந்து எழுந்ததாக அவர் காண்கிறார். செம்மண்ணை ஓரடி தோண்டினால் சுண்ணக்கல் இடறுகின்ற எமது யாழ்ப்பாண நிலத்தில் இந்த உவமையை விளங்கிக்கொள்ள யாருக்கும் உரை தேவையில்லை.

இதே வேரின் இன்னொரு கிளையும் உண்டு. அதைப் பெயர்ப் பட்டியல் நூல்கள் ஒருபோதும் சொல்வதில்லை. ஜாஹிலிய்யாக் காலத்து மக்காவாசிகள் வணங்கிய ‘உஸ்ஸா’ என்ற தெய்வத்தின் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். அபூலஹபின் இயற்பெயர் அப்துல் உஸ்ஸா. அப்துல் அஸீஸ், அப்துல் உஸ்ஸா என்ற இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேர் ஒன்று. ‘அப்து’ என்ற அடிமைச் சொல்லும் ஒன்று. யாருக்கு அடிமை என்பதில்தான் முழு வேறுபாடும் தங்கியிருக்கிறது. இஸ்ஸத், அதாவது மானம், கண்ணியம் என்பதும் இவ்வேரின் பிள்ளையே. மானம் அல்லாஹ்வுக்குரியது என்று ஒப்புக்கொள்பவன் அப்துல் அஸீஸ் ஆகிறான். தன் குலத்தின் மானத்தையே பீடத்தில் ஏற்றி அதற்கு அடிமையாகிறவன், எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும், அப்துல் உஸ்ஸா ஆகிவிடுகிறான். இக்கட்டுரை முழுவதற்கும் இந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஹதீஸ் கலையிலும் ‘அஸீஸ்’ ஒரு கலைச்சொல். அறிவிப்பாளர் தொடரின் எந்தப் படியிலும் இருவருக்குக் குறையாத அறிவிப்பாளர்களைக் கொண்ட செய்தி அஸீஸ் எனப்படும். இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ இப்பெயருக்கு இரண்டு காரணங்களைக் கூறுவார். அத்தகைய செய்தி அரிதாகக் கிடைப்பது ஒன்று. ஒரு வழியால் வந்த செய்தி இன்னொரு வழியாலும் வந்து வலுப்பெறுவது மற்றொன்று. இலங்கை முஸ்லிம் அடையாளம் பற்றிய எமது செய்தியும் இரண்டு அறிவிப்பாளர்களின் வழியே எமக்கு வந்திருக்கிறது. ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ளுவது அந்தச் செய்தியைப் பலவீனப்படுத்தும் என்பதே எனது நிலைப்பாடு.

2

புகழ்பெற்றோர் வரிசையையும் சற்று விமர்சனத்தோடு பார்க்கலாம். எகிப்தை இருபது ஆண்டுகள் ஆண்ட உமையா ஆளுநர் அப்துல் அஸீஸ் இப்னு மர்வான், பாத்திமிய கலீபா அல்-அஸீஸ் பில்லாஹ் (975–996), டில்லியின் ஷாஹ் அப்துல் அஸீஸ் (1746–1824), உஸ்மானிய சுல்தான் அப்துல் அஸீஸ் (1861–1876), சவூதி இராச்சியத்தை 1932இல் நிறுவிய அப்துல் அஸீஸ் இப்னு சஊத் என்று அது நீளும். ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான், கீஸாவின் பிரமிட்டுகளை இடிக்க ஆள் வைத்து மாதக்கணக்கில் முயன்று, மென்கௌரேயின் பிரமிட்டில் ஒரு வடுவை மட்டும் விட்டுச் சென்றார். அஸீஸின் வலிமையை விடக் கல்லின் அஸாஸ் வலிதாயிருந்தது.

இவ்வரிசையில் எம்மைப் பொறுத்தவரை முக்கியமானவர் முதலாமவரின் மகன். உமர் இப்னு அப்துல் அஸீஸ் 717 முதல் 720 வரை, மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே ஆட்சி செய்தார். அறபியரல்லாதோர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் அவர்களிடம் ஜிஸ்யா அறவிட்ட வழக்கத்தை அவர் நிறுத்தினார். அறபு இரத்தம் இல்லாதவன் அரை முஸ்லிம் என்ற எண்ணத்துக்கு விழுந்த முதற் பெரும் அடிகளுள் அதுவும் ஒன்று. உலகம் முழுவதும் முஸ்லிம்களின் நாவில் இப்பெயரை நிலைநிறுத்தியவர், இரத்தத்தின் பெருமையை அரச ஆணையால் குறைத்தவர் என்பதை இந்த இடத்தில் அடிக்கோடிட்டுக்கொள்வோம். அடுத்துவரும் விவாதத்துக்கு அது தேவைப்படும்.

நாவல் உலகிலும் ஓர் அஸீஸ் உண்டு. 1924இல் வெளிவந்த ஈ.எம். ஃபோர்ஸ்டரின் இந்தியா பற்றிய நாவலில், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் மீது கைவைத்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்படும் வைத்தியர் அஸீஸ் அவர். குர்ஆனில் அஸீஸின் வீட்டில் வைத்து யூஸுபின் மீது பொய்ப் பழி விழுகிறது. நாவலில் பழி அஸீஸின் மீதே விழுகிறது. அதிகாரத்தின் பெயர் குடியேற்ற நாடொன்றில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

எமது நாட்டிலேயே மலையகத் தொழிலாளரின் தலைவர்களுள் ஒருவராக, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய அப்துல் அஸீஸும் இருந்தார். குஜராத்தி முஸ்லிமான அவர், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் உரிமைக்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்டார். சோனகர் தமிழரா என்று கொழும்பில் வாதிட்டுக்கொண்டிருந்த எவருக்கும் அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவதென்று தெரிந்திருக்காது. எமது நினைவுக் கட்டுரைகளும் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

3

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகும்போது இணுவிலைக் கடந்ததும் மருதனார்மடம் வரும். மரக்கறிச் சந்தை, ஆஞ்சநேயர் கோயில், சந்தியின் பரபரப்பு எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஊருக்கு ஒரு கல்வி முகத்தைக் கொடுத்தது சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரி. பின்னாளில் அவர் பெயரிலேயே அங்கு தோன்றிய இசைக் கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைக் கழகமாக வளர்ந்தது. மருதனார் யார் என்பது அவ்வழியால் போவோருக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் ஊரின் பெயருக்குள் ஓர் ஆளும், வழிப்போக்கர் எவரும் தங்கிச் செல்லக்கூடிய ஒரு மடமும் இன்னமும் இருக்கின்றன. இராமநாதனின் பணி இந்த ஊரில் பெண்கல்வியாகவும் இசையாகவும் நிற்கிறது. அதற்கான மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டே அவரது இன்னொரு பணியைப் பற்றிப் பேச வேண்டும்.

1888இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இராமநாதன் ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’ என்ற கட்டுரையை வாசித்தார். வரலாறு, சமூக வழக்கங்கள், உடல் தோற்றம், மொழி என்ற நான்கு வழிகளாலும் ஆராய்ந்து, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்ற முடிவுக்கு வந்தார். அப்போது அவர் சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற குரல் எழுந்திருந்த நேரம் அது. கட்டுரை வாசிக்கப்பட்ட அடுத்த ஆண்டில், 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கட்டுரையின் காலம் தற்செயலானது என்று நம்புவதற்கு மிகுந்த வெகுளித்தனம் வேண்டும்.

அதற்கு விரிவான மறுப்பை 1907இல் நூலாக எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். இராமநாதனின் கட்டுரை மீதான ‘விமர்சனம்’ என்றே அதற்குத் தலைப்பிட்டார். இலங்கை முஸ்லிம்களின் விமர்சன மரபைப் பற்றி எழுதுவோர் கவிதை, கதை பற்றிய மதிப்புரைகளிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்நூலிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு பிரதியை எடுத்து, அதன் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் பின்னாலிருக்கும் அரசியல் நோக்கத்தைச் சுட்டிக்காட்டும் வேலையை அவர் செய்திருக்கிறார். சோனகரின் முன்னோர் அறபியர், வணிகத்தின் தேவையாலும் அயலவரின் உறவாலும் அவர்கள் தமிழைக் கைக்கொண்டார்கள், மொழி மட்டும் இனத்துக்குச் சான்றாகாது என்பன அவரது வாதத்தின் சாரம்.

இந்நூலின் பெறுமதி அதன் வரலாற்று முடிவுகளில் தங்கியிருக்கவில்லை. ‘நீ யார் என்பதை நான் சொல்கிறேன்’ என்று அதிகாரத்திலிருந்த ஒருவர் சொன்னபோது, ‘அதைச் சொல்ல வேண்டியவன் நான்’ என்று ஒரு சமூகம் எழுத்தில் பதில் சொன்னது என்பதிலேயே அது தங்கியிருக்கிறது. அந்த வகையில் இது ஓர் அப்துல் அஸீஸின் எழுத்து. கட்டாந்தரையில் கால் ஊன்றிய எழுத்து.

ஆயினும், இந்நூலை வாசிக்குந்தோறும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. இராமநாதன் வைத்த அளவுகோலையே ஆசிரியரும் ஏற்றுக்கொள்கிறார். இரத்தம்தான் ஒரு மக்களைத் தீர்மானிக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. யாருடைய இரத்தம் என்பதே பிணக்கு. ஒருவர் தமிழ் இரத்தம் என்கிறார், மற்றவர் அறபு இரத்தம் என்கிறார். இந்தத் தர்க்கத்துக்குள் நுழைந்தவுடன் தமிழ் ஓர் இரவல் ஆடை ஆகிவிடுகிறது, இங்கிருந்த தாய்மார்கள் வம்சத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகிறார்கள். கப்பலில் வந்த தகப்பன்மாரின் ஊர் நினைவில் நிற்கிறது. அவர்களுக்குச் சோறிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழில் தாலாட்டுப் பாடிய உம்மாமாரின் ஊர் எந்தத் தாளிலும் இல்லை. உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆட்சியிலிருந்து அகற்ற முயன்ற இரத்தப் பெருமை, இன்னோர் அப்துல் அஸீஸின் வாதத்துக்குள் பின்கதவால் நுழைந்துவிட்டது. உஸ்ஸாவின் நிழல் விழுவது இங்குதான்.

இதில் ஒரு முரணும் உண்டு. தமிழை இரவல் என்று வாதிட்ட நூலை ஆங்கிலத்தில் எழுதியவர், தன் மக்களோடு பேசுவதற்கு நடத்திய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் பாதுகாவலன்’ என்று பெயர் வைத்தார். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேச’னைத் தொடங்கியபோது எந்த மொழி வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. ‘நேசன்’, ‘பாதுகாவலன்’ என்ற இரண்டும் தமிழ்க் காதுக்கு உறவினர்போல் ஒலிக்கும் சொற்கள். அப்துல் அஸீஸின் வாதம் ஒரு பக்கம் போக, அவரது வாழ்க்கை மறுபக்கம் போயிருக்கிறது. பிரதியை விட ஆள் பெரியவராக இருந்திருக்கிறார்.

அவர் மறைந்த 1915ஆம் ஆண்டிலேயே கண்டியிலும் பிற இடங்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தது. அதன் பின் சிங்களத் தலைவர்கள் மீது பாய்ந்த இராணுவச் சட்டத்தைக் கண்டித்து இராமநாதன் உரத்துக் குரல் கொடுத்தார். கடைகளும் வீடுகளும் எரிந்த முஸ்லிம்களுக்காக அதே உரப்புடன் அவரது குரல் ஒலிக்கவில்லை என்ற மனத்தாங்கல் எமது சமூகத்தில் நீண்டகாலம் இருந்தது. 1888இல் ‘நீங்கள் எம்மவர்’ என்று சொன்னவர் பற்றியதாகையால் அது ஆழமாகவும் இருந்தது.

4

இந்தச் சூழலில்தான் இரண்டாவது அறிவிப்பாளர் வருகிறார். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ், அல்லாப்பிச்சைப் பள்ளியில் குர்ஆன் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபர், 1945இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் மூலவர், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர், செனற்றர். இவை நினைவுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருப்பவை. விரைந்து கடப்போம்.

‘இலங்கையில் இஸ்லாம்’, ‘மிஸ்ரின் வசியம்’, ‘தமிழ் யாத்திரை’ ஆகிய தலைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே அவரது பயணத்தின் வரைபடம் கிடைத்துவிடும். மிஸ்ருக்கும் போகிறார், தமிழுக்கும் யாத்திரை செய்கிறார். ஒன்றுக்குப் போக மற்றதை விட்டுப் புறப்பட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இருக்கவில்லை. அறபுத் தமிழைப் பற்றி எழுதியபோது அதை ‘எங்கள் அன்புத் தமிழ்’ என்று தலைப்பிலேயே அழைத்தார். அறபு எழுத்தில் எழுதிய தமிழ், வம்சச் சான்றிதழுக்காகத் தோண்டியெடுக்கும் தொல்பொருள் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, ஒரு சமூகம் தன் இரண்டு அன்புகளையும் ஒரே வரியில் எழுதிக் காட்டிய கைவேலையாக அங்கு மாறுகிறது. சோனகரின் இரத்தம் எது என்ற கேள்விக்கு அவர் புதிய பதில் எதுவும் சொல்லவில்லை. கேள்வியையே மாற்றிவிட்டார். எங்கிருந்து வந்தோம் என்பது பின்னுக்குப் போய், எதில் வாழ்கிறோம் என்பது முன்னுக்கு வந்தது. அஸீஸ் என்ற சொல்லுக்கு ‘அன்புக்குரியது’ என்ற பொருளும் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைவுகூரலாம்.

இது வெறும் இலக்கிய உணர்ச்சியாக நின்றுவிடவில்லை. சிங்களம் மட்டும் என்ற கொள்கையைத் தான் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சி ஏற்றபோது அவர் அக்கட்சியை விட்டு விலகினார். 1956இன் மொழிச் சட்டத்தை எதிர்த்தார். முஸ்லிம் அரசியல் தலைமைகள் பலவும் வேறு வழியில் போன காலம் அது. தமிழ் எங்கள் அன்புத் தமிழ் என்பதற்கு அவர் விலை கொடுத்தார்.

எனினும், இரண்டாவது அஸீஸையும் விமர்சனமின்றி விட்டுவிட முடியாது. அவரது எழுத்தின் மையம் கல்வி, நிறுவனம், தலைமை ஆகியனவே. ஒரு சிவில் அதிகாரியின் ஒழுங்கும் நிதானமும் அவரது உரைநடையின் பலம். அதுவே அதன் எல்லையுமாகும். சோனகத் தெருவின் தையல்காரரும் இரும்புக் கடைக்காரரும், கிதாபைப் பார்த்துப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெவ்வைமாரும் ஆலிம்சாமாரும் அவரது உலகில் பயன்பெறுபவர்களாகவே நிற்கிறார்கள். பேசுபவர்களாக அவர்கள் வரப் பின்வந்த கவிஞர்களும் கதைஞர்களும் தேவைப்பட்டார்கள். மொழியின் மீதான அன்பு மட்டும் அயலவரோடு வாழ்வதற்கான உத்தரவாதமாகிவிடும் என்ற நம்பிக்கையும் அவரது தலைமுறைக்கு இருந்தது. அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காண அவர் இருக்கவில்லை.

5

இரண்டு பெயர்களையும் எழுதும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் ‘அப்துல் அஸீஸ்’ என்று முழுமையாக எழுதினார். பின்னவரின் ‘அப்துல்’ முதலெழுத்துக்குள் ஒடுங்கி, ஏ.எம்.ஏ. என்பதில் கடைசி ‘ஏ’ ஆகிவிட்டது. அடிமை ஓர் ஆங்கில எழுத்துக்குள் மறைய, அல்லாஹ்வின் திருநாமம் ஆளின் பெயராக வெளியே நிற்கிறது. மார்க்க அறிஞருள் இதை விரும்பாதோர் உண்டு. குர்ஆனே மனிதருக்கு இச்சொல்லை ஆண்டிருப்பதைக் காட்டி அனுமதிப்போரும் உண்டு. எனது அக்கறை வேறு. குடியேற்ற ஆட்சியின் எழுதுவினைஞர் வழக்கம் எமது பெயர்களின் இறையியலையே வெட்டியிருக்கிறது. நாம் அதைக் கவனிக்கவேயில்லை. தமிழ்நாட்டில் அஜீஸ், பழைய ஏடுகளில் அசீசு, எமது நாட்டில் அஸீஸ் என எழுத்துக் கூட்டலில் மட்டும் நாம் சண்டை பிடிக்கிறோம். தொண்டையின் அடியிலிருந்து எழும் ஐன் எழுத்து இந்த மூன்றிலும் இல்லை. உமறுப் புலவர் தன் பெயரையே தமிழ் ஒலிக்கு வளைத்து ‘உமறு’ ஆக்கினார். அதனால் அவரது ஈமானுக்கோ காப்பியத்துக்கோ குறை எதுவும் வந்ததில்லை. ஸகரம் போட்டால் சுத்த முஸ்லிம், சகரம் போட்டால் தமிழ் அடிவருடி என்று நினைப்பவர்கள் பெயரின் எழுத்தில் உஸ்ஸாவைத் தேடிக்கொள்கிறார்கள்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நாட்களில் விரட்டப்பட்டுப் புத்தளத்திலும் பிற இடங்களிலும் அகதிகளானார்கள். 1888இல் பிரதிநிதித்துவக் கணக்குக்காக ‘நீங்கள் தமிழர்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டது. 1990இல் துப்பாக்கியோடு ‘நீங்கள் தமிழரல்லர்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டது. இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிரானவைபோல் தோன்றினாலும் அவற்றின் இலக்கணம் ஒன்றே. இரண்டிலும் முஸ்லிமிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. முதல் அஸீஸ் எதை அஞ்சினார் என்பது அன்று எமக்கு விளங்கியது. ஆனால் வெளியேறிய மக்கள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் இருந்துகொண்டு அழுததும், ஊரை நினைத்ததும், கவிதை எழுதியதும் யாழ்ப்பாணத் தமிழிலேயே. இரண்டாவது அஸீஸ் எதை நேசித்தார் என்பதும் அங்குதான் விளங்கியது.

யுத்தம் 2009இல் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள் சிலர். வரமுடியாமல் போனவர்கள் பலர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு யாழ்ப்பாணம் பெற்றோரின் பேச்சு மட்டுமே. கொழும்பிலோ தமிழை விட்டுச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளின் தொகை கூடிக்கொண்டே போகிறது. தமிழ் எங்களுக்கு இரவல்தானே என்று அதற்கு நியாயம் சொல்பவர்கள் முதல் அஸீஸின் நூலை வாசித்திருக்கத் தேவையில்லை. அதன் பலவீனமான பகுதி மட்டும் வாய்மொழியாக அவர்களை வந்தடைந்துவிட்டது. மறுபுறத்தில், இரண்டாவது அஸீஸின் பெயரைச் சொல்லித் தமிழ் மேடைகளில் ஒற்றுமை பேசுகின்றவர்களோ, வெளியேற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அன்புத் தமிழை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் ஓர் அறிவிப்பாளரை மட்டும் வைத்துக்கொண்டு செய்தியைச் சொல்கிறார்கள்.

6

ஸூரத்து யூஸுபில் அஸீஸ் என்ற சொல்லின் பயணம் கவனிக்கத்தக்கது. முதலில் அது எகிப்தின் உயர் அதிகாரியைக் குறிக்கிறது. அவரது வீட்டுக்கு விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர் யூஸுப். பின்னர் பஞ்ச காலத்தில் தானியம் தேடி வந்த சகோதரர்கள், தாம் கிணற்றில் போட்ட தம்பியென்று தெரியாமலே, யூஸுபை அதே பட்டத்தால் விளிக்கிறார்கள். வாங்கியவரின் பட்டம் விற்கப்பட்டவருக்கு வந்துசேர்கிறது. அவர் அந்த வல்லமையைக் கொண்டு செய்த காரியம் பழிவாங்கலன்று. முதலில் தானியம் அளந்து கொடுத்தார். பின்னர், உண்மை வெளிப்பட்ட பிறகு, மன்னித்தார். இந்த ஒழுங்கு முக்கியமானது. சகோதரர்கள் தாம் செய்ததை ஒப்புக்கொண்ட பின்னரே மன்னிப்பு வருகிறது. குற்றத்தைப் பேசாத ஒற்றுமைக்கு ஸூரத்து யூஸுபில் ஆதாரம் இல்லை. குற்றத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் பகைமைக்கும் அதில் ஆதாரம் இல்லை.

ஏ.எம்.ஏ. அஸீஸ் மறைந்த பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. அப்பல்கலைக்கழகம் எழுந்து நிற்பது இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில். சோனகர் தமிழரே என்று எழுதியவரின் நிலத்தில் நின்று, சோனகராகவே இருந்து தமிழை நேசித்த ஒருவருக்கு மரியாதை செய்யப்பட்டது. இதை இராமநாதனின் வெற்றியாக வாசிப்போர் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ‘உன் பெயரோடும் உன் கலிமாவோடும் நீ வா’ என்று ஒரு நிலம் சொல்லக்கூடிய நாள் இருந்தது, அதைச் சொன்ன நிலத்திலிருந்தே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பெயர்க்காரர்கள் துரத்தப்பட்டார்கள் என்ற இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

இன்றைய எமது எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். முதல் அஸீஸிடமிருந்து எமது பெயரை நாமே சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்வோம், இரத்தக் கணக்கை அவரோடு விட்டுவிடுவோம். இரண்டாவது அஸீஸிடமிருந்து மொழியின் மீதான உரித்தை எடுத்துக்கொள்வோம், அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அவரோடு விட்டுவிடுவோம். ஸூரா யாஸீனில், ஓர் ஊருக்கு அனுப்பப்பட்ட இரண்டு தூதர்கள் பொய்ப்பிக்கப்பட்டபோது மூன்றாமவரைக் கொண்டு அவர்கள் வலுவூட்டப்பட்டதாக வருகிறது. அங்கு வலுவூட்டுதல் என்பதற்கு ஆளப்பட்ட வினைச்சொல் இதே வேரைச் சேர்ந்தது. எமது இரண்டு அறிவிப்பாளர்களுக்கும் ஒரு மூன்றாம் குரல் தேவைப்படுகிறது. அது நூற்றாண்டு மலர்களிலிருந்து வரப்போவதில்லை. பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, அவ்விருவரின் நூல்களையும் ஒரே மேசையில் திறந்து வைத்து வாசிக்கும் ஒருவரிடமிருந்துதான் அது வரும்.